தென் இத்தாலியப் பிரச்சினை: பின்தங்கிய நிலையின் வரலாறும் அதன் இலக்கியமும்

ஐரோப்பா என்னும் சொல் எமது கல்வி மரபில் முன்னேற்றத்துக்கு ஒரு மறுபெயராகவே நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. குடியேற்ற ஆட்சிக் காலப் பாடநூல்கள் எமக்கு அறிமுகஞ் செய்த ஐரோப்பா பஞ்சாலைகளின் ஐரோப்பாவாகவும் பாராளுமன்றங்களின் ஐரோப்பாவாகவும் இருந்தது. வாரக்குடிகளின், மலேரியாவின், எழுத்தறியாத கூலி விவசாயிகளின் ஐரோப்பாவாக அது இருக்கவில்லை. இதனால் இரு தவறான முடிபுகள் எம்மிடையே வேரூன்றின. வறுமை என்பது ஐரோப்பாவுக்குப் புறத்தேயுள்ள மக்களின் இயல்பு என்பது ஒன்று. முதலாளித்துவம் தான் புகும் இடமெங்கும் ஒரே சீரான வளர்ச்சியைத் தோற்றுவிக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஐரோப்பாவின் உள்ளிருந்தே மறுக்கும் சான்றாக அமைவது தென் இத்தாலி.

இத்தாலியர் தமது நாட்டின் தென்பகுதியை ‘மெட்சோஜோர்னோ’ என்பர். நண்பகல் என்பது அச்சொல்லின் பொருள். அப்ருட்சோ, மொலிசே, கம்பானியா, புல்யா, பசிலிக்காத்தா, கலாப்ரியா ஆகிய பகுதிகளும் சிசிலி, சார்டினியா ஆகிய பெருந்தீவுகளும் இதனுள் அடங்கும். இத்தாலிய நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும் சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கும் இதற்குரியன. ஆயினும் இன்றுவரை இப்பகுதியின் தலா உற்பத்தி, வட, மத்திய இத்தாலியின் தலா உற்பத்தியின் பாதியைச் சற்றே விஞ்சும் அளவிலேயே நிற்கின்றது. ஒரே அரசு, ஒரே நாணயம், ஒரே சட்டம் ஆகியவற்றின் கீழ் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த பின்னரும் இவ்வேறுபாடு நிலைப்பது ஏன்? இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறு, இத்தாலியப் புலமையாளர் தமது மக்களை எவ்வாறு நோக்கினர் என்பதன் வரலாறாகவும் உள்ளது. எமது கட்டுரையின் அக்கறை இவ்விரண்டையும் பற்றியது.

1. வளத்தின் வரலாறு

பின்தங்கிய நிலை தெற்கின் தொடக்க நிலையன்று என்பதை முதலில் வலியுறுத்தல் வேண்டும். கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதல் கிரேக்கர் இங்கு குடியேறி நகரங்களை அமைத்தனர். ஆர்க்கிமிடீஸ் வாழ்ந்த சிராக்கூஸ் சிசிலியின் நகரமாகும். உரோம ஆட்சியில் சிசிலி தானியம் வழங்கும் மாகாணமாயிற்று. அடிமைகளின் உழைப்பில் இயங்கிய பெரும்பண்ணைகள் இக்காலத்தில் வலுப்பெற்றன. கி.மு. 135இல் சிசிலியில் வெடித்த அடிமைகளின் எழுச்சியும், கி.மு. 73இல் கம்பானியாவின் காப்புவாவில் ஸ்பார்ட்டக்கஸ் தொடக்கிய எழுச்சியும் இப்பண்ணை முறையின் எதிர்விளைவுகளே.

கி.பி. 827 முதல் சிசிலியைக் கைப்பற்றிய அராபியர் எலுமிச்சை, தோடை, கரும்பு ஆகியவற்றையும் புதிய நீர்ப்பாசன நுட்பங்களையும் கொணர்ந்தனர். அவர்களை வென்ற நோர்மானியர் அப்பண்பாட்டை அழித்துவிடவில்லை. 1130இல் பலெர்மோவில் முடிசூடிய இரண்டாம் ரொஜரின் அவையிலேயே அராபியப் புவியியலாளர் அல் இத்ரீசி தமது பெரும் புவியியல் நூலை 1154இல் நிறைவு செய்தார். இரண்டாம் பிரெடெரிக் 1224இல் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அவரது அவையைச் சார்ந்த சிசிலியக் கவிஞர்களே மக்கள் மொழியில் இலக்கியக் கவிதை பாடும் மரபைத் தொடக்கினர். அம்மரபின் முதன்மையைத் தாந்தே பின்னர் ஏற்றுக்கொண்டார். அதாவது, இத்தாலிய இலக்கியத்தின் தொடக்கங்களுள் ஒன்று தெற்கிலேயே உள்ளது.

பின்னர் வந்த அரகோனிய, ஸ்பானிய ஆட்சிகளின் கீழ் வடக்கின் நகரங்களும் தெற்கின் நிலங்களும் வெவ்வேறு வழிகளிற் சென்றன. வடக்கில் வணிக நகரங்கள் தம்மைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தை அடக்கியாண்டன. தெற்கில் நாட்டுப்புறத்தின் நிலப்பிரபுக்கள் நகரத்தை உண்டு வாழ்ந்தனர். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாக நேப்பிள்ஸ் விளங்கியது உண்மையே. ஆனால் அது உற்பத்தியின் நகரமாக அன்றி, நிலவாடகையையும் வரியையும் செலவிடும் நகரமாகவே பெருத்தது. பழங்களின் மீது விதிக்கப்பட்ட வரிக்கு எதிராக 1647இல் மசானியெல்லோ என்னும் மீன் விற்பவனின் தலைமையில் நகர மக்கள் எழுந்தமை இந்நகரத்தின் வர்க்க அமைப்பை ஒரு கணம் வெளிச்சமிட்டுக் காட்டியது.

2. மக்களற்ற புரட்சி

1799ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் படையின் துணையுடன் நேப்பிள்சில் ஒரு குடியரசு பிறந்தது. அதனை அமைத்தோர் அறிவொளிக் காலச் சிந்தனையிற் பயின்ற சட்டத்தரணிகள், மருத்துவர்கள், முற்போக்கான பிரபுக்கள். குடியரசின் பத்திரிகையை நடத்தியவர் எலெயொனோரா பொன்சேக்கா பிமென்தெல் என்னும் பெண்மணி. சில மாதங்களுள் கர்தினால் ருப்போ கலாப்ரியாவிலிருந்து திரட்டி வந்த விவசாயிகளின் படை அக்குடியரசை வீழ்த்தியது. மீண்டும் வந்த பூர்போன் அரசு குடியரசுவாதிகளைத் தூக்கிலிட்டது. பிமென்தெலும் அவர்களுள் ஒருவர்.

விவசாயிகளின் பெயரால் நிகழ்ந்த புரட்சியை விவசாயிகளே அழித்த இம்முரண்பாட்டை ஆராய்ந்தவர் அப்புரட்சியிற் பங்குகொண்டு தப்பிய வின்சென்சோ குவோக்கோ. 1801இல் வெளியான தமது நூலில் அவர் இதனைச் ‘செயலற்ற புரட்சி’ என வருணித்தார். மக்களின் தேவையிலிருந்து பிறவாது, வேற்றுநாட்டுக் கருத்துகளின் வடிவில் மேலிருந்து வந்த புரட்சி என்பது அவரது கணிப்பு. ஒரு நூற்றாண்டு கழித்துக் கிராம்சி இத்தொடரை எடுத்து, முழு இத்தாலிய வரலாற்றையும் விளக்கும் கருவியாக விரித்தார்.

1806இல் நேப்பிள்ஸ் இராச்சியத்திலும் 1812இல் சிசிலியிலும் நிலப்பிரபுத்துவம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயின் சட்டம் ஒழித்தது பிரபுவின் நீதி அதிகாரத்தையே, அவனது நிலத்தையன்று. விவசாயிகள் விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் உரிமை கொண்டிருந்த பொதுநிலங்கள் பங்கிடப்படும் என்ற வாக்குறுதி காற்றிற் போக, கிராமத்துப் புதுப்பணக்காரர் அந்நிலங்களைத் தம் வேலிக்குள் அடக்கினர். பழைய எசமானன் போகாமலே புதிய எசமானன் வந்து சேர்ந்தான் எனலாம்.

3. 1860: ஒருங்கிணைப்பும் ஒடுக்குமுறையும்

1860 மே 11இல் கரிபால்டி ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களுடன் சிசிலியின் மர்சாலாவில் இறங்கினார். ஜூன் மாதத்தில் அவரது அரசு வெளியிட்ட ஆணை பொதுநிலங்களைப் பங்கிடுவதாக வாக்களித்தது. விவசாயிகள் அதனை நம்பினர். எட்னா எரிமலையின் அடிவாரத்திலுள்ள புரொந்தே என்னும் ஊரில் நிகழ்ந்தது இந்நம்பிக்கையின் கதியைக் காட்டும். அவ்வூர் நிலங்கள் 1799இல் பூர்போன் மன்னனால் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு வழங்கப்பட்ட சிற்றரசைச் சார்ந்தவை. 1860 ஓகஸ்ட் தொடக்கத்தில் நிலம் கோரி எழுந்த விவசாயிகள் ஊர்ப் பெரியமனிதர் பலரைக் கொன்றனர். கரிபால்டியின் தளபதி நீனோ பிக்ஸியோ படையுடன் வந்து, அவசர விசாரணை ஒன்றின் பின் ஐவரைச் சுட்டுக் கொல்வித்தார். அவர்களுள் ஒருவர் விவசாயிகளுக்காக வாதாடி வந்த சட்டத்தரணி நிக்கொலோ லொம்பார்தோ. மற்றொருவன் ஊரறிந்த சித்தசுவாதீனமற்ற மனிதன். விடுதலைப் படை தன்னை வரவேற்ற வர்க்கத்தைச் சுட்டது. தான் எதிர்த்து வந்த வர்க்கத்தின் சொத்தைக் காத்தது. ஒருங்கிணைந்த இத்தாலியின் சமூக ஒப்பந்தம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்பது மிகையன்று.

1861 மார்ச் 17இல் இத்தாலிய இராச்சியம் பிரகடனப்படுத்தப்பட்டது. பியட்மொண்டின் தாழ்ந்த சுங்கவரி முறை தெற்குக்கும் நீட்டப்பட்டதால், பாதுகாப்பு வரியின் நிழலில் வளர்ந்த நேப்பிள்ஸ் பகுதிக் கைத்தொழில்கள் நலிந்தன. கட்டாய இராணுவ சேவையும் புதிய வரிகளும் நிலமின்மையும் சேர்ந்து விவசாயிகளை மலைக்காடுகளுக்குத் துரத்தின. அரசு இதனைக் ‘கொள்ளையர் பிரச்சினை’ எனப் பெயரிட்டு, 1863இல் பீக்கா சட்டத்தை இயற்றி, இராணுவ நீதிமன்றங்களைத் திறந்தது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த இம்மோதல், பெயரளவிற் கொள்ளையர் வேட்டையாயினும் உண்மையில் ஓர் உள்நாட்டுப் போரே. திருச்சபை நிலங்கள் 1866, 1867ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் விற்கப்பட்டபோதும் அவற்றை வாங்கியோர் பணமுடையோரே.

இவ்விடத்து ஒரு தெளிவு அவசியம். வடக்கு தெற்கைச் சூறையாடியது என்ற எளிய சூத்திரத்தை நாம் ஏற்கவில்லை. பூர்போன் ஆட்சியைப் பொற்காலமாகக் காட்டும் பழம்பெருமைவாதத்தையும் ஏற்கவில்லை. 1839இல் இத்தாலியின் முதலாவது புகையிரதப் பாதை நேப்பிள்சுக்கும் போர்த்திச்சிக்கும் இடையே திறக்கப்பட்டது உண்மை. ஆயின் அந்த இராச்சியத்தின் மக்களிற் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுத்தறியாதிருந்தனர் என்பதும் உண்மை. தெற்கின் நிலவுடைமையாளர் புதிய அரசின் பலியாடுகள் அல்லர், அதன் பங்காளிகள். 1887ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சுங்கவரி இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவும். அது வடக்கின் உருக்கு, நெசவு முதலாளிகளையும், தெற்கின் கோதுமைப் பண்ணையாரையும் ஒருங்கே காத்தது. அதன் விளைவாகப் பிரான்சுடன் மூண்ட வணிகப் போர் தெற்கின் திராட்சைச் செய்கையாளரை அழித்தது. வடக்கின் ஆலை முதலாளியும் தெற்கின் பெருநிலக்காரனும் கைகோத்த அக்கூட்டின் விலையைத் தெற்கின் சிறு விவசாயி செலுத்தினான்.

1890களின் தொடக்கத்தில் சிசிலியில் ‘பாஷி’ எனப்பட்ட உழைப்பாளர் சங்கங்கள் பரவின. நியாயமான குத்தகை, கூலி உயர்வு, உள்ளூர் வரிக் குறைப்பு என்பன அவற்றின் கோரிக்கைகள். பெண்கள் பெருமளவிற் பங்குகொண்டமை அவ்வியக்கத்தின் சிறப்பம்சம். 1894 ஜனவரியில் பிரதமர் கிரிஸ்பி இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தி அதனை நசுக்கினார். கிரிஸ்பி சிசிலியர், 1860இல் கரிபால்டியுடன் மர்சாலாவில் இறங்கியோருள் ஒருவர். இதன் பின் விவசாயிக்கு எஞ்சியது கப்பல் ஒன்றே. 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் இத்தாலியர் நாட்டை விட்டு அகன்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றோருட் பெரும்பாலானோர் தெற்கத்தியரே.

4. ‘இன இயல்பு’ எனும் விடையும் கிராம்சியின் மறுப்பும்

வரலாறு விளைவித்த வறுமைக்கு இயற்கையைக் காரணம் காட்டுவது ஆளும் வர்க்கங்களின் பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லொம்புரோசோவைப் பின்பற்றிய குற்றவியலாளர், தெற்கத்தியர் பிறப்பிலேயே தாழ்ந்த இனத்தவர் என ‘விஞ்ஞான’ முறையில் நிறுவ முற்பட்டனர். 1898இல் வெளியான அல்பிரெதோ நிச்செபோரோவின் நூல் இதற்கு எடுத்துக்காட்டு. அமெரிக்க அறிஞர் எட்வேர்ட் பான்பீல்ட் 1958இல் வெளியிட்ட நூல் இனத்தைக் கைவிட்டு ஒழுக்கத்தைப் பற்றிக்கொண்டது. லுக்கானியக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த அவர், தம் குடும்பத்துக்கு அப்பால் எதற்காகவும் ஒன்றுசேரும் இயல்பு அம்மக்களிடம் இல்லை என்றார். அதே லுக்கானியாவின் மொந்தெஸ்காலியோசோவில் நிலத்துக்காக ஒன்றுசேர்ந்த விவசாயிகள் மீது 1949 டிசம்பரிற் பொலிசார் சுட்டதும், ஒருவர் உயிரிழந்ததும் அந்நூல் வெளியாவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்தவை. ஒன்றுசேரும்போது சுட்டுவிட்டு, பின் ஒன்றுசேரத் தெரியாதவர் எனப் பழிப்பது விஞ்ஞானமாகாது.

கவலைக்குரியது யாதெனில், வடக்கின் சோசலிஸ்டுகள் பலரும் இக்கருத்துநிலைக்கு இரையாயினர் என்பதே. தெற்கு தொழிலாளர் இயக்கத்தின் காலிற் கட்டிய ஈயக்குண்டு என்ற எண்ணம் அவர்களிடையே நிலவியது. இதனை உடைத்தவர் அந்தோனியோ கிராம்சி. 1891இல் சார்டினியாவின் ஆலெஸ் என்னும் ஊரிற் பிறந்து, 1911இல் தூரின் பல்கலைக்கழகம் சென்ற அவர், விவசாயத் தெற்கையும் தொழிலாளர் வடக்கையும் தம் வாழ்விலேயே அறிந்தவர். 1926இல் தெற்குப் பிரச்சினை பற்றி அவர் எழுதத் தொடங்கிய கட்டுரை அவ்வாண்டு நவம்பர் 8இல் அவர் கைதானதால் முற்றுப்பெறாது நின்றது. 1930இல் பாரிசில் வெளியிடப்பட்டது.

அக்கட்டுரையில் கிராம்சி தெற்கை மூன்று அடுக்குகளாகக் காண்கிறார். அடியில், ஒழுங்கமைப்பற்றுச் சிதறிக் கிடக்கும் விவசாயத் திரள். நடுவில், கிராமத்துச் சட்டத்தரணி, எழுதுவினைஞர், ஆசிரியர், குருமார் என்னும் சிறு புத்திஜீவிகள். உச்சியில், பெருநிலவுடைமையாளரும் குரோச்சே, போர்த்துனாத்தோ போன்ற பெரும் புத்திஜீவிகளும். விவசாயியின் ஆத்திரம் நடு அடுக்கின் வழியாக வடிகட்டப்பட்டு நிலவுடைமையாளனுக்குத் தீங்கற்றதாக்கப்படுகின்றது. உச்சியில் உள்ளோரோ, தெற்கின் திறமைமிக்க இளைஞரை விவசாயத் திரளிலிருந்து பிரித்து ஐரோப்பியப் பண்பாட்டின் பொது வானிற் பறக்கவிடுகின்றனர். நிலமும் கூலியும் பற்றிய பொருளாதாரப் பிரச்சினை, புத்திஜீவிகள் யார் பக்கம் நிற்கின்றனர் என்ற பண்பாட்டுப் பிரச்சினையாகவும் இருப்பதைக் கிராம்சி இவ்வாறு கண்டார். தொழிலாளி விவசாயியோடு இணையாதவரை இத்தாலியில் மாற்றம் இல்லை என்பது அவரது முடிபு. 1919இல் தூரின் தொழிலாளரை அடக்கச் சார்டினிய விவசாயிகளைக் கொண்ட சசாரிப் படைப்பிரிவு அனுப்பப்பட்டபோது, சார்டினியத் தோழர்கள் அச்சிப்பாய்களிடம் அவர்களது பேச்சுமொழியிற் பேசி மனங்களை மாற்றிய அனுபவத்தை அவர் இதற்குச் சான்று காட்டுகிறார்.

கிராம்சியின் நோக்குக்கு வன்மையான மறுப்பு 1950களில் வரலாற்றாசிரியர் ரொசாரியோ ரொமேயோவிடமிருந்து வந்தது. 1860இல் விவசாயப் புரட்சி நிகழ்ந்து நிலம் பங்கிடப்பட்டிருப்பின், மூலதனத் திரட்சி தடைப்பட்டு இத்தாலியின் கைத்தொழிலாக்கமே பின்தள்ளப்பட்டிருக்கும் என அவர் வாதிட்டார். இவ்வாதத்தை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. கைத்தொழிலாக்கத்துக்கு மூலதனம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் தெற்கின் நிலவாடகையிற் பெரும்பகுதி ஆலைகளாக மாறவில்லை. மாளிகைகளாகவும் மேலும் நிலமாகவுமே மாறியது. மேலும், வடக்கின் வளர்ச்சிக்குத் தெற்கின் வறுமை விலையாயிற்று என ரொமேயோவின் வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், அது கிராம்சியை மறுப்பதாகாது. கிராம்சி சொன்னதை மறுபுறமிருந்து உறுதிப்படுத்துவதே ஆகும்.

5. இலக்கியத்தின் சாட்சியம்

இவ்வரலாற்றைத் தெற்கின் இலக்கியம் எவ்வாறு உள்வாங்கியது? 1840இற் கதானியாவிற் பிறந்த ஜொவான்னி வெர்காவிலிருந்து தொடங்குதல் பொருத்தம். 1881இல் வெளியான ‘மலவோலியா குடும்பம்’ என்னும் நாவல், ஆச்சி திரெட்சா என்னும் மீனவ ஊரின் குடும்பம் ஒன்று கடனுக்கு வாங்கிய சரக்கோடு படகையும் இழந்து சிதைவதைச் சொல்கிறது. புதிய இத்தாலி அக்குடும்பத்துக்கு வரியாகவும் கட்டாய இராணுவ சேவையாகவும் மட்டுமே வந்து சேர்கிறது. பேரப்பிள்ளைகளுள் ஒருவன் 1866ஆம் ஆண்டு லிஸ்ஸாக் கடற்போரில் மடிகிறான். கதை சொல்லும் குரலே ஊரவரின் குரலாக, பழமொழியும் வம்புப்பேச்சும் கலந்ததாக அமைவது வெர்காவின் சாதனை.

வெர்கா நிலவுடைமையாளர், பழைமைவாத அரசியலினர். எனினும் அவரது யதார்த்தம் அவரது அரசியலை மீறியது. பால்சாக் குறித்து 1888ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் எங்கெல்ஸ் கூறியதை இங்கும் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் அப்பொருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. புரொந்தே எழுச்சியை வைத்து வெர்கா எழுதிய ‘சுதந்திரம்’ என்னும் சிறுகதையில், சட்டத்தரணி லொம்பார்தோ இடம்பெறவில்லை. சுடப்பட்ட சித்தசுவாதீனமற்ற மனிதன் ஒரு குள்ளனாக மாற்றப்பட்டுள்ளான். இதனைச் சுட்டிக்காட்டியவர் சிசிலிய எழுத்தாளர் லெயொனார்தோ ஷாஷா. லொம்பார்தோ நீக்கப்பட்டதும் எழுச்சி கோரிக்கையற்ற வெறியாகிவிடுகின்றது. எனவே, யதார்த்தத்தின் வெற்றியைப் பேசும் நாம், ஓர் எழுத்தாளன் எதைக் காட்டினான் என்பதோடு எதை விட்டுவிட்டான் என்பதையும் ஆராயக் கடமைப்பட்டவர்கள்.

பாசிசக் காலத்தில் இம்மௌனம் கலைந்தது. அப்ருட்சோவின் பெஷீனாவிற் பிறந்த இஞ்ஞாட்சியோ சிலோனே நாடுகடந்து வாழ்ந்தபோது எழுதிய ‘பொந்தமாரா’ 1933இல் முதலில் ஜேர்மன் மொழிபெயர்ப்பாக சூரிச்சில் வெளியானது. ஒரு நீரோடை திசைதிருப்பப்படுவதை மையமாகக் கொண்டு, சட்டமும் எழுத்தும் விவசாயிக்கு எதிரான ஆயுதங்களாகும் விதத்தை அது காட்டியது. தூரினைச் சேர்ந்த மருத்துவரும் ஓவியருமான கார்லோ லேவி 1935–36இல் லுக்கானியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். ‘கிறிஸ்து ஏபொலியில் நின்றுவிட்டார்’ என்னும் அவரது நூல் 1945இல் வெளியானது. மலேரியாவும் மாந்திரீகமும் அரசின் மீதான ஆழ்ந்த அவநம்பிக்கையும் நிறைந்த ஓர் உலகை அவர் பரிவோடு வரைந்தார். ஆயின் அவ்வுலகை வரலாற்றுக்கு வெளியே நிற்கும் காலமற்ற உலகாக அவர் கண்டமை ஒரு குறைபாடே. அவ்விவசாயிகளின் வீடுகளில் விஜ்ஜியானோ மாதாவின் படத்தோடு அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ட்டின் படமும் தொங்கியதை லேவியே பதிவு செய்கிறார். அமெரிக்காவுக்கு மக்களை அனுப்பிய ஊர் வரலாற்றுக்கு வெளியே இருக்க முடியாது.

இவ்வரிசையில் ரொக்கோ ஸ்கொத்தெல்லாரோவின் இடம் தனித்துவமானது. 1923இல் திரிக்காரிக்கோவில் எளிய கைவினைக் குடும்பத்திற் பிறந்த அவர் 1946இல், 23 வயதில், அவ்வூரின் மேயராகத் தெரிவானார். நிலப் போராட்டங்களிற் பங்குகொண்டார். 1950இற் சிறை சென்றார். 1953இல் முப்பது வயதிலேயே மறைந்தார். விவசாயிகளின் வாழ்க்கைக் கதைகளை அவர்களின் வாய்மொழியாகவே தொகுத்த அவரது நூல் 1954இல் வெளியாயிற்று. வெர்காவிடம் விவசாயி காட்டப்பட்டான், லேவியிடம் இரங்கப்பட்டான், ஸ்கொத்தெல்லாரோவிடம் அவன் தானே பேசினான்.

6. நிலமும் உருக்கும்

இரண்டாம் உலகப் போரின் பின் தெற்கு முழுவதும் விவசாயிகள் தரிசுநிலங்களை ஆக்கிரமித்தனர். 1947 மே தினத்தன்று சிசிலியின் போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்திராவிற் கூடிய மக்கள் மீது ஜூலியானோவின் கொள்ளைக் கும்பல் சுட்டதில் 11 பேர் மாண்டனர். 1949 ஒக்ரோபரில் கலாப்ரியாவின் மெலிஸ்ஸாவிற் பொலிசாரின் துப்பாக்கிக்கு மூவர் பலியாயினர். இவ்வழுத்தத்தின் விளைவே 1950ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தமும், அவ்வாண்டே நிறுவப்பட்ட தெற்கு அபிவிருத்தி நிதியமும். 1984 வரை இயங்கிய அந்நிதியம் வீதிகளையும் நீர்வழங்கலையும் மின்சாரத்தையும் கொணர்ந்ததை மறுக்க முடியாது. ஆனால் வழங்கப்பட்ட காணித்துண்டுகள் பல குடும்பத்தைத் தாங்கப் போதாதவை. வழங்கிய முறையோ விவசாயியை இயக்கத்திலிருந்து பிரித்து ஆளுங்கட்சியின் தயவுக்குரியவனாக்கியது. 1960களிற் தொடக்கப்பட்ட தரந்தோ உருக்காலையும் ஜேலா எண்ணெய் இரசாயன ஆலையும் சுற்றுப்புறத்தோடு தொடர்பற்ற ‘பாலைவனத்துப் பேராலயங்கள்’ என்ற பெயரைப் பெற்றன. தரந்தோ ஆலையின் நச்சுப் புகை மக்களின் உயிரைப் பறிக்கின்றது எனக் கண்டு 2012இல் நீதிமன்றம் அதன் உலைப்பகுதியைக் கைப்பற்றுமாறு ஆணையிட்டது. வேலையா, உயிரா என்ற தெரிவைத் தொழிலாளியின் முன் வைக்கும் அபிவிருத்தி எவ்வகைப்பட்டது என்பதை அந்நகரம் உணர்த்தியது.

1950களிலும் 1960களிலும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட தெற்கத்தியர் வடக்கின் ஆலைகளுக்குப் பெயர்ந்தனர். வாடகை வீடு மறுக்கப்பட்டும், பேச்சுமொழிக்காக இகழப்பட்டும் வாழ்ந்த இவர்களே 1969ஆம் ஆண்டின் ‘வெப்ப இலையுதிர்காலம்’ எனப்பட்ட மாபெரும் வேலைநிறுத்த அலையில் முன்வரிசையில் நின்றனர். கிராம்சி கனவு கண்ட தொழிலாளி–விவசாயி இணைவு, அவர் எதிர்பாராத வடிவில், விவசாயியே தொழிலாளியாகித் தூரினில் நிகழ்ந்தது.

முடிவுரை

மத்தேரா நகரின் குகை வீடுகளில் மனிதரும் கால்நடைகளும் ஒன்றாக வாழ்ந்த நிலை நாட்டின் அவமானம் எனக் கருதப்பட்டு, 1952ஆம் ஆண்டின் சட்டமொன்று அம்மக்களை வெளியேற்றியது. 1993இல் அக்குகைகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. 2019இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராயிற்று. மக்கள் வாழ்ந்தபோது அவமானமாக இருந்தது, மக்கள் அகன்றபின் மரபுரிமையாயிற்று. வறுமை பண்டமாக மாறும் இவ்விந்தை, பண்பாட்டை அதன் மக்களிலிருந்து பிரித்துப் போற்றும் எவருக்கும் எச்சரிக்கையாகும்.

இன்று தெற்கு, ஆட்களை அனுப்பும் நிலமாக மட்டுமன்றி, ஏற்கும் நிலமாகவும் உள்ளது. 1980கள் முதல் எமது மக்களில் ஆயிரக்கணக்கானோர் பலெர்மோவில் வீட்டுவேலை முதலிய தொழில்களில் வாழ்கின்றனர். அந்நகரின் காவற் புனிதையான ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கு, பெல்லெகிரீனோ மலைமேல், சைவத் தமிழரும் நடந்து செல்கின்றனர். ஒரு காலத்திற் கப்பலேறியோரின் துறைமுகம் இன்று எம்மவர் வந்திறங்கும் துறைமுகமாகியது தற்செயலன்று. ஏற்றத்தாழ்வான வளர்ச்சியே இவ்விரு பயணங்களையும் இயக்குகின்றது.

பின்தங்கியோர் என ஒரு மக்கட் கூட்டத்தை எவரேனும் வருணிக்கும்போது, யாரால், எப்போது, எவரின் நலனுக்காகப் பின்தள்ளப்பட்டனர் என்று வினவுவதே வரலாற்று மாணவனின் முதற் கடமை. தெற்கின் விவசாயிகளைப் பற்றி அவர்களுக்குப் புரியாத மொழியிற் பேசிய 1799இன் கனவான்கள் தூக்குமேடையில் மாண்டனர். அவர்களின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும் அவர்களின் தோல்வியிலிருந்து கற்க வேண்டியோர், மக்களைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நாமும் என்பதை மறத்தலாகாது.